மந்த காலத்தில் படிப்பைத் தாங்கியது யார்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கும் சகோதரி அவர்களே, வேலை வெட்டியை விட்டுவிட்டு இந்த மாலை வேளையில் குடும்பத்தோடு வந்து தரையிலும் திண்ணையிலும் மதில்மேலும் உட்கார்ந்திருக்கும் கனகம்மாசத்திரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

"பொருளாதாரம் சரியும் காலத்தில் கல்லூரிப் படிப்பைக் காப்பாற்றுவது குடும்பத்தின் தியாகமா? அரசின் பொறுப்பா?" இதுதான் தலைப்பு. சகோதரி தியாகத்தைப் பற்றிப் பேசினாங்க. அம்மா கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போன கதையைச் சொன்னாங்க. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணைத் துடைச்சாங்க. நானும் துடைச்சேன். துடைச்சுட்டு ஒன்று யோசிச்சேன். செயின் இருந்த வீட்டுப் பிள்ளை படிச்சான், சரி. செயினே இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன ஆனான்? (கைதட்டல்)

அந்தப் பிள்ளைக்காகப் பேசத்தான் அரசின் பொறுப்பு என்ற அணியில் நான் நிற்கிறேன். உணர்ச்சியால் மட்டும் பேசப் போவதில்லை. வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்து வருகிறேன்.

முதல் சாட்சி வெளியூர்க்காரர் இல்லை, உங்க ஊர்க்காரர். இங்கிருந்து கொஞ்சம் தூரம் போனால் திருத்தணி மலை. அந்த மலையடிவாரத்தில் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். வசதியான வீடு கிடையாது. அப்பா வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகம். பிள்ளை திருப்பதியில் படித்தார், வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தார், பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். அங்கே ஏன் தத்துவம் எடுத்தார்? பெரிய ஞானம் பிறந்து எடுத்தார் என்று நாம் நினைப்போம். உறவுக்காரர் ஒருவர் தத்துவம் படித்து முடித்துவிட்டுத் தம் புத்தகங்களை இவருக்குக் கொடுத்தார். புத்தகம் வாங்கப் பணம் வேண்டாம், அதனால் தத்துவம்! உலகமே போற்றிய ஒரு தத்துவ ஞானியை நமக்குக் கொடுத்தது ஒரு பழைய புத்தகக் கட்டு. கூடவே கல்வி உதவித்தொகை.

சகோதரி உடனே குறிப்பு எழுதுறாங்க. "புத்தகம் கொடுத்தது உறவுக்காரர்தானே, குடும்பம்தானே" என்று கேட்பாங்க. கேளுங்கம்மா. புத்தகம் உறவில் வரும். கல்லூரி உறவில் வருமா? வகுப்பறை, பேராசிரியர், நூலகம், ஆய்வுக்கூடம் எல்லாம் சித்தப்பா வீட்டிலிருந்து வருமா? வராது. (சிரிப்பு)

அதே இராதாகிருஷ்ணன் 1931-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. எங்கேயோ அமெரிக்காவில் சரிந்ததற்கு நம்ம ஊர் நெல்லுக்கு என்ன ஆச்சு? சென்னை மாகாணத்தில் நெல் விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாக விழுந்தது. விலை பாதி. ஆனால் கிஸ்தி குறைந்ததா? வட்டி குறைந்ததா? குறையவில்லை. விவசாயி வீட்டு நகை வெளியே வந்தது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. தங்கத்தின் விலை ஏறியது. கிராமத்துப் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தது உருக்கப்பட்டு, பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் போயிற்று. சகோதரி சொன்ன செயின் இருக்கிறதே, அது அன்றைக்கே போயிடுச்சு. படிப்புக்குப் போகவில்லை, வயிற்றுக்குப் போயிற்று.

அரசாங்கம் என்ன செய்தது? சிக்கனம், சிக்கனம் என்றது. அரசு ஊழியர் சம்பளத்திலேயே 10 சதவீதம் வெட்டு விழுந்த காலம் அது. அந்த நேரத்தில் ஒரு பிஞ்சுப் பல்கலைக்கழகத்தை நடத்த வேண்டிய பொறுப்பு திருத்தணிக்காரர் தலையில். அவருக்குக் கைகொடுத்தவர் ஜெய்ப்பூர் மகாராஜா விக்ரம தேவ வர்மா. ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை, இன்றைய ஒடிசாவில் இருக்கும் ஜெய்ப்பூர். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அறிவியல், தொழில்நுட்பக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி எழுந்தது.

இங்கே தமிழ்நாட்டில் அதே கதை. சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பங்குச் சந்தை சரிந்த அதே ஆண்டு! நல்ல நேரம் பார்த்துக் கால்கோள் போட்டார்கள், உலகத்துக்கோ கெட்ட நேரம். நகரத்தார் பணம் பர்மாவில் நெல் வயல்களை நம்பிக் கடன் கொடுத்த பணம். நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கிய பர்மா விவசாயியால் திருப்பிக் கட்ட முடியவில்லை. பணம் நிலமாக மாறியது. 1930-களின் முடிவுக்குள் கீழ்ப்பர்மா நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தைக் கப்பலில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவர முடியுமா? பிறகு போர் வந்தது, நிலமும் போயிற்று.

நான் எதற்கு இதைச் சொல்கிறேன்? வள்ளல்களைக் குறைத்துப் பேச இல்லை. அவர்கள் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளலாம். ஆனால் வள்ளலின் செல்வமும் அதே சந்தையில்தான் இருக்கிறது. சந்தை சரியும்போது வள்ளலும் சரிகிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகமே 2013-ல் பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியபோது யார் வந்து தாங்கினார்கள்? தமிழக அரசு சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு அதிகமாக இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. வள்ளல் வைத்த விளக்கு அணையப் பார்த்தது. எண்ணெய் ஊற்றியது அரசு. (கைதட்டல்)

இப்போது ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். பொருளாதாரம் சரிந்தால் கல்லூரியில் கூட்டம் குறையும் என்றுதானே நினைப்போம்? பல நேரங்களில் கூடும்! ஏன்? வேலை இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் அப்பா முறைப்பார், பக்கத்து வீட்டு மாமி விசாரிப்பார். எம்.ஏ. சேர்ந்துவிட்டால்? "பையன் என்ன பண்றான்?" "மேல் படிப்பு படிக்கிறான்." கௌரவம் காப்பாற்றப்பட்டது! எல்லையோர ஊர் ஆச்சே, தெலுங்கிலேயும் கேட்பாங்க, "ஏமி சதுவுதுன்னாவு?" என்று. எதையாவது சதுவிக்கொண்டிருந்தால் பதில் சொல்லலாம், இல்லாவிட்டால் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்ட முடியாது. (சிரிப்பு)

இது வெறும் வேடிக்கை இல்லை ஐயா, கணக்கு. வேலை கிடைக்கிற காலத்தில் படிக்கப் போனால் மாதச் சம்பளத்தை இழக்கிறோம். வேலையே இல்லாத காலத்தில் படிக்கப் போனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2008 நெருக்கடி வந்தது. 2007-ல் ஒரு கோடியே 82 லட்சமாக இருந்த கல்லூரி மாணவர் எண்ணிக்கை 2010-ல் இரண்டு கோடியே 10 லட்சம் ஆயிற்று. நம் நாட்டில் கொரோனா வந்த 2020-21-ல் பொருளாதாரமே சுருங்கியது. அந்த ஆண்டு உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை 3 கோடியே 85 லட்சத்திலிருந்து 4 கோடியே 14 லட்சமாக ஏறியது.

சகோதரிக்கு மகிழ்ச்சி. "பார்த்தீங்களா, குடும்பங்கள் எப்படியோ சமாளிச்சு அனுப்பிட்டாங்க" என்று தலையாட்டுறாங்க. அவசரப்படாதீங்கம்மா. சேர்ந்தவன் கணக்கில் வருவான். சேராதவன் எந்தக் கணக்கில் வருவான்? அதே அமெரிக்காவில் 1930-களின் மந்தத்தில் என்ன நடந்தது? 1931-32-ல் சுமார் பதினொன்றரை லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை இரண்டே ஆண்டில் பத்தரை லட்சமாக இறங்கியது. 1930-ல் குறைந்தது, 2008-ல் கூடியது. ஒரே நாடு, அதே சரிவு, எதிரெதிர் விளைவு. என்ன வித்தியாசம்? 1930-ல் மாணவனுக்கு அரசின் உதவித்தொகையும் கடனுதவியும் பெரிதாகக் கிடையாது. 2008-ல் இருந்தது. கதவு திறந்திருந்தால் வேலை இழந்தவன் கல்லூரிக்குள் நுழைகிறான். கதவு மூடியிருந்தால் தெருவில் நிற்கிறான். அந்தக் கதவின் சாவி அம்மா இடுப்பில் இல்லை, அரசின் கையில்! (கைதட்டல்)

சரி, அரசு எப்போதும் அந்தக் கதவை ஒழுங்காகத் திறந்து வைத்ததா? இல்லை. இங்கே நான் என் கட்சிக்காரரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன். கூட்டம் கூடும் நேரத்தில்தான் அரசிடம் பணம் குறைகிறது. வருமானம் இல்லை என்றால் வரி இல்லை. நம் வீட்டுக் கணக்கே எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்தால் வாடகையைக் குறைக்க முடியுமா? அரிசியை, மருந்தை நிறுத்த முடியுமா? முடியாது. எதை நிறுத்துவோம்? பிள்ளைக்கு வாங்க வேண்டிய புத்தகத்தை. அரசும் அப்படித்தான். சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி மூன்றையும் தொட முடியாது. கத்தி எங்கே விழும்? புதிய கட்டடத்தில், ஆய்வுக்கூடத்தில், காலிப் பணியிடத்தில். இன்று வெட்டினால் இன்றே யாரும் அழ மாட்டார்கள். பத்து ஆண்டு கழித்துத்தான் வலிக்கும்.

1991-க்கு வாருங்கள். வெளிநாட்டுச் செலாவணி தீர்ந்துபோய், சில வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காது என்ற நிலை. ஜூலை மாதம் ஏறக்குறைய 47 டன் தங்கம் அடகுக்காக வெளிநாடு போயிற்று. ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1931-ல் அம்மாவின் தங்கம் கப்பலேறியது. 1991-ல் பாரத மாதாவின் தங்கம் விமானம் ஏறியது. (கைதட்டல்)

அதன் பிறகு உயர்கல்விக்கு என்ன நடந்தது? நீதிபதி புன்னய்யா தலைமையில் ஒரு குழு அமைந்தது. பல்கலைக்கழகங்கள் தங்கள் நடப்புச் செலவில் 15 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளில் தாங்களே திரட்ட வேண்டும், பத்து ஆண்டுகளில் அதை 25 சதவீதமாக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1997-ல் மத்திய நிதி அமைச்சகத்தின் மானியங்கள் பற்றிய அறிக்கை ஒன்று உயர்கல்வியை மானியத்துக்கு முதல் தகுதி இல்லாத பண்டங்களின் வரிசையில் வைத்தது. கல்வி பண்டம் ஆயிற்று!

அந்த நாளில் நான் முதுகலை மாணவன். எங்கள் விடுதியில் என் பக்கத்து அறைக்காரன் பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவாளி வீட்டுப் பையன். சிலப்பதிகாரத்தில் எந்த இடத்தைக் கேட்டாலும் பார்க்காமல் சொல்லுவான். எங்கள் வகுப்பில் முதல் மாணவன் அவன்தான், நான் இரண்டாவது. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். தறி நின்றால் வீட்டில் உலை நிற்கும். அந்த ஆண்டு நின்றது. மெஸ் பாக்கி இரண்டு மாதம். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனவன் திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. அவன் அம்மா தியாகம் செய்யாதவரா ஐயா? விற்க ஒன்றும் மிச்சமில்லாத தியாகி அவர். இன்றைக்கு முனைவர் பட்டம் வாங்கி இந்த மேடையில் நிற்கிறவன் இரண்டாவது மாணவன். முதல் மாணவன் தறியில் உட்கார்ந்தான். தமிழுக்கு எது நட்டம் என்று நடுவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன? "நீயே சம்பாதி" என்றால் அதுவும் என்ன செய்யும்? அஞ்சல் வழிக் கல்வியைப் பெருக்கியது. மதுரையில் 1971-லும், அண்ணாமலையில் 1979-லும், சென்னையில் 1981-லும் நல்ல நோக்கத்தோடு தொடங்கியதுதான். பகலில் வேலைக்குப் போகிறவர், கல்யாணம் ஆன பெண்கள் பட்டம் பெற்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் காலப்போக்கில் அது பல்கலைக்கழகத்தின் பெட்டிக்கடை ஆயிற்று. ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக மையங்கள். 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு, "உன் எல்லைக்கு வெளியே மையம் நடத்தாதே" என்று கண்டிப்பாகச் சொன்னது. கடை மூடியது. வருமானம் போயிற்று. ஆனால் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்களே? அந்தச் செலவு போகவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆசிரியர்கள் போராடும் நிலை வந்தது.

1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டம் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம், நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் பட்டம் கொடுத்த தாய், அதன் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. இதில் ஒரு நுட்பம் இருக்கு. அரசு மானியம் மொத்த வரவில் பாதியைத் தாண்டினால், அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்று வரிவிலக்கு உண்டு. அரசின் பங்கு சுருங்கினால் அந்த விலக்கும் கேள்விக்குறி ஆகும். பெற்றவன் சோறு போடுவதைக் குறைத்தான், அதைப் பார்த்து ஊரான் "நீ அவன் பிள்ளையே இல்லை, வாடகை கொடு" என்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு காயம். 2001-ல் தமிழக அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, நவம்பரில் புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 வரை நீடித்தது. தடை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றும் அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் கௌரவம், சம்பளத்தில் அது இல்லை. புறநானூற்றில் 183-ஆம் பாடலைப் பாடியவர் புலவர் அல்லர், அரசர். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஆசிரியருக்கு ஒரு துன்பம் வந்தால் ஓடிப்போய் உதவு, பொருளை அள்ளிக் கொடு, அப்படியாவது படி என்பது அவர் கருத்து. படிப்பின் அருமையை ஓர் அரசனே சொன்ன மண் இது. அந்த மண்ணில் ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடி பிடித்து நிற்கலாமா?

"அரசு தவறியதை நீங்களே சொல்லிட்டீங்க, எங்க அணி ஜெயிச்சாச்சு" என்று சகோதரி சிரிக்கிறாங்க. இல்லைம்மா. அரசு தவறிய இடத்தில் எல்லாம் என்ன ஆச்சு? குடும்பம் வந்து தாங்கியதா? குடும்பம் கடன் வாங்கியது. 2001-க்குப் பிறகு வங்கிக் கல்விக் கடன் பெருகியது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. நிலத்தை விற்றுச் சேர்த்தவர் எத்தனை பேர்! படித்து வெளியே வந்த நேரத்தில் மந்தம் வந்தால் வேலை இல்லை, வட்டி மட்டும் உண்டு. இடங்கள் காலியாகி, கல்லூரிகள் மூடப்பட்டன. குடும்பத்தின் தியாகம் அரசின் பொறுப்புக்குப் பதிலாக நின்றால் அதற்குப் பெயர் கடன். அரசின் பொறுப்போடு சேர்ந்து நின்றால்தான் அதற்குப் பெயர் முன்னேற்றம்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. பல்கலைக்கழகம் வரைக்கும். 2022-ல் அந்த நாட்டின் பொருளாதாரமே கவிழ்ந்தது. மார்ச் மாதம் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். ஏன் தெரியுமா? வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. அங்கே தாய்மார்களிடம் தியாகம் குறைவா? யாழ்ப்பாணத்துத் தாயைவிடப் படிப்புக்காகத் தியாகம் செய்தவள் உண்டா? அந்தத் தாயால் காகிதம் செய்ய முடியுமா?

இனி நல்ல செய்தி. 2021-22 கணக்குப்படி, இந்தியாவில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டில் 47. எப்படி வந்தது? நம் அம்மாக்கள் மட்டும் மற்ற மாநில அம்மாக்களைவிட நல்லவர்களா? எல்லா அம்மாவும் அம்மாதான். இங்கே 1956-ல் மதிய உணவு வந்தது. அரசுக் கல்லூரி வந்தது. திருத்தணியிலேயே முருகன் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை வந்தது. 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் பெரிய தொகையா? பணக்காரனுக்கு ஓர் ஓட்டல் பில். அடுத்த மாதம் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கிற வீட்டில் அது "இன்னும் ஒரு மாதம் போகட்டும்" என்ற ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை என் பக்கத்து அறைக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

நடுவர் அவர்களே, உங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கு. சத்திரம் கட்டுகிறவர் எப்போது கட்டுவார்? வழிப்போக்கன் மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டும்போது செங்கல் வாங்கப் போவாரா? நல்ல காலத்திலேயே கட்டி, நிலம் எழுதி வைத்து, அந்த வருமானத்தில் கெட்ட காலத்திலும் உலை கொதிக்கச் செய்வார். அரசும் அப்படிச் செய்யட்டும். வரி வருமானம் பெருகும் ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வைப்பு நிதி போடட்டும். சரிவு வரும் ஆண்டில் அதை எடுக்கட்டும். கூட்டம் கூடுகிற ஆண்டில் இடத்தைக் கூட்டட்டும், மானியத்தை வெட்டாமல் இருக்கட்டும். 1948-ல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் உங்கள் திருத்தணிக்காரர்தான். பல்கலைக்கழகங்களுக்குப் பணத்தைப் பகிர்ந்து கொடுக்க ஒரு மானியக் குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது அந்தக் குழுதான். இரவல் புத்தகத்தில் படித்தவருக்குத் தெரியும், இரவலை நம்பி ஒரு நாட்டையே படிக்க வைக்க முடியாது என்று.

தாயின் தியாகம் தெய்வீகமானது. அதனால்தான் அதைக் கட்டாயமாக்கக் கூடாது. இந்த ஊரில் அடுத்த மந்த காலம் வரும்போது எந்தத் தாயும் தன் மகளைப் பார்த்து, "நீ படிக்கிறியா, தம்பி படிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் இருக்க, காப்பது அரசின் பொறுப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.